கேப்டன் நினைவு நாள் அன்னதானம் என்று வரும் க்யூஆர் கோடு

செல்லூர்_முத்து

எல்லாருக்கும் வணக்கம். டிசம்பர் 28ஆம் தேதி கேப்டன் விஜயகாந்த் நினைவு நாள். அவரைப் பத்தி அவங்கவங்க மனசுல இருக்கிறதை எழுதுற இழையாத்தான் இதை ஆரம்பிக்க இருந்தேன். இன்னைக்குக் காலைல அத்தை வீட்டுல நடந்ததை முதல்ல சொல்லிடுறேன். நடந்தது கேப்டன் பேரை வச்சு.

நேத்து ராத்திரி எங்க சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்புல ஒரு நோட்டீஸ் வந்துச்சு. வெள்ளை வேட்டி சட்டையில கேப்டன் கும்பிடுற படம். "குருபூஜை மாபெரும் அன்னதானம், ஒரு இலைக்கு 51 ரூபாய்"னு கீழ எழுத்து, அதுக்கும் கீழ க்யூஆர் கோடு. கூடவே கேப்டனே பேசுற மாதிரி சின்ன வீடியோ. குரல் அச்சு அசல் அவருதான். அனுப்பினது பெரியப்பா மகன் நம்பர். அத்தைக்குச் சந்தேகம் வர எதுவுமே இல்லை. 51 ரூபாய் போட்டுட்டாங்க.

காலைல ஒரு பொம்பளைப் பிள்ளை போன் பண்ணி, "அம்மா, உங்க பேருல இலை போட்டாச்சு, பிரசாதமும் கேப்டன் படமும் கூரியர்ல வரும், அட்ரஸ் போட ஒரு ஆப் அனுப்பிருக்கோம்"னு தன்மையாப் பேசிருக்கு. வந்தது ஏபிகே ஃபைல், அதாவது ப்ளே ஸ்டோர் வழியா இல்லாம நேரா இறக்குற ஆப். அத்தை அதை இறக்கி, கேட்டதுக்கெல்லாம் "அலவ்" குடுத்து, டெலிவரி சார்ஜ்னு 5 ரூபாய்க்கு அதுலயே கார்டு நம்பரையும் போட்டிருக்காங்க. அரை மணி நேரத்துல 38,000 போயிருச்சு. மாமாவோட பென்ஷன் பணம். ஓடிபி எதுவும் அத்தை கண்ணுலயே படல.

இங்க விவரம் தெரிஞ்சவங்க இருக்கீங்க. இப்ப என்ன செய்யணும்னு சொல்லுங்க.

ஆவடி_ராஜி

முத்து தம்பி, முதல்ல 1930, சைபர் மோசடிக்கான அரசு உதவி எண். வேற யாருக்கும் போன் பண்றதுக்கு முன்னாடி அது. அத்தை போன்ல இருந்து அடிக்காதீங்க, உங்க போன்ல இருந்து அடிங்க. அத்தை போனை ஃபிளைட் மோடுல போடுங்க, வைஃபையும் அணைங்க. லைன் பிஸியா இருந்தா விடாம அடிச்சுக்கிட்டே இருங்க, இன்னொருத்தரை சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்துல புகார் பதியச் சொல்லுங்க.

ஓய்வு_கிளைமேலாளர்

ராஜி அம்மா சொன்ன வரிசையே சரி. ஏன் இந்த அவசரம் என்று சொல்கிறேன்.

திருடிய பணம் ஒரே கணக்கில் தங்குவதில்லை. கமிஷனுக்கு வாடகை விட்ட கணக்குகள் வழியாக இரண்டாவது, மூன்றாவது என்று தாவிப் போய், கடைசியில் எங்கோ ஒரு ஏடிஎம்மில் ரொக்கமாக எடுக்கப்படும் அல்லது கிரிப்டோவாக மாறிவிடும். 1930இல் புகார் பதிவானதும் அந்தச் சங்கிலியில் இருக்கும் வங்கிகளுக்குத் தகவல் போகும். பணம் அப்போது எந்தக் கணக்கில் நிற்கிறதோ அங்கே முடக்குவார்கள். வெளியே எடுக்கப்பட்ட பணத்தை முடக்க வழியில்லை. அதனால்தான் முதல் ஒரு மணி நேரத்தை எல்லோரும் அவ்வளவு வலியுறுத்துகிறார்கள்.

1930இல் பேசும்போது கையில் இருக்க வேண்டியவை: கணக்கு எண், ஒவ்வொரு பரிமாற்றத்தின் நேரமும் தொகையும், யுபிஐ என்றால் 12 இலக்கக் குறிப்பு எண், கார்டு என்றால் குறுஞ்செய்தியில் வந்த கடைப் பெயர். பேசி முடித்ததும் புகார் எண் வரும். அதை வைத்து 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் முழுப் புகாரையும் முடித்துவிடுங்கள். பலர் போன் செய்ததோடு விட்டுவிடுகிறார்கள்.

அடுத்து வங்கி. கார்டையும் நெட் பேங்கிங்கையும் தடை செய்யச் சொல்லி, அதற்கான குறிப்பு எண்ணை வாங்குங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை சுற்றறிக்கையில் கொண்டுவந்த விதி இது. வங்கி மீதோ வாடிக்கையாளர் மீதோ தவறில்லாமல் மூன்றாம் ஆள் செய்த மோசடி என்றால், மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு இழப்பு இல்லை. ரகசிய விவரத்தை வாடிக்கையாளரே கொடுத்திருந்தால், தெரிவிக்கும் நேரம் வரை போனது அவர் தலையில் விழும், தெரிவித்த பிறகு போவது வங்கியின் பொறுப்பு. எந்த நிமிடம் தெரிவித்தீர்கள் என்பதற்கு எழுத்தில் சான்று வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

ஓடிபி ஏன் கண்ணில் படவில்லை என்றால், அந்த ஆப் குறுஞ்செய்தியைப் படிக்க அனுமதி வாங்கிக்கொண்டது. வந்த ஓடிபியை அங்கே அனுப்பிவிட்டு இங்கே மறைத்துவிடும். பெரியப்பா மகன் போனும் அப்படித்தான் சிக்கியிருக்கும். அவர் அனுப்பவில்லை, அவர் போன் அனுப்பியிருக்கிறது. உடனே அவருக்குச் சொல்லுங்கள். ஆதாரங்களைப் படம் எடுத்துக்கொண்ட பிறகு இரண்டு போனையும் ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். ஆப்பை மட்டும் நீக்கினால் போதாது.

திருமங்கலம்_மன்றம்

முத்து, உங்க அத்தைக்கு நடந்தது வருத்தம்தான். ஆனா கேப்டன் நினைவு இழையில க்யூஆர் கோடு, ஓடிபின்னு போய்க்கிட்டு இருக்கு. நாங்க மன்றத்துல இருந்து அவருக்காக ரத்தம் குடுத்தவங்க, போஸ்டர் ஒட்டினவங்க. வருஷத்துல ஒரு நாள். அவரைப் பத்தி மட்டும் பேசுவோமே. திருட்டுப் பயலுக கதைக்கு வேற இழை ஆரம்பிச்சுக்கலாம்.

செல்லூர்_முத்து

1930 கிடைச்சிருச்சு. புகார் எண் வந்திருச்சு. ராஜி அக்காவுக்கும் சாருக்கும் நன்றி.

திருமங்கலம் அண்ணே, உங்க மனசு புரியுது. ஆனா இது ரெண்டையும் என்னால பிரிக்க முடியல. அத்தை முன்னப்பின்ன தெரியாதவனுக்கு அஞ்சு காசு குடுக்காதவங்க. ரேஷன் கடையில சில்லறை குறைஞ்சா நின்னு கேட்டு வாங்குறவங்க. அவங்க கை நீண்டது கேப்டன் பேருக்காக. "அந்த மனுஷன் பேருல நாலு பேரு சாப்பிட்டா நல்லதுதானே"ன்னு அழுதுக்கிட்டே சொல்றாங்க. அவரு சேர்த்து வச்ச அன்பைத்தான் இவனுக திருடியிருக்காய்ங்க. அதை அவரு இழையில சொல்லாம எங்க சொல்ல?

லைட்மேன்_மகன்

முத்து சொன்னதோடு நானும் சேர்கிறேன். அந்த அன்பு எங்கிருந்து வந்தது என்பதை என் அப்பா சொன்னதை வைத்து எழுதுகிறேன்.

அப்பா யூனிட்டில் லைட்மேனாக இருந்தார். அந்தக் காலத்தில் படப்பிடிப்புச் சாப்பாட்டில் படிகள் உண்டு. நடிகர்களுக்கு ஒன்று, டெக்னீஷியன்களுக்கு ஒன்று, லைட் தூக்குகிறவர்களுக்குப் பொட்டலம். தயிர் சாதமோ எலுமிச்சை சாதமோ, கிடைத்த நிழலில் உட்கார்ந்து பிரித்துச் சாப்பிட வேண்டும். கேப்டன் படங்களில் இலை ஒன்றுதான். அவருக்கு வைக்கும் கறிக்குழம்பும் முட்டையும் லைட்மேன் இலைக்கும் வரும். பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, கடைசி வரிசைக்குப் போய்விட்டதா என்று கேட்டுவிட்டுத்தான் அவர் கை வைப்பார் என்று அப்பா சொல்வார். சொல்லும்போதே அப்பா குரல் மாறிவிடும். உயரத்தில் பத்துக் கிலோ லைட்டைக் கட்டிக்கொண்டு நிற்பவனுக்கும் ஹீரோவுக்கும் பசி ஒன்றுதான் என்று நடந்து காட்டியவர் அவர்.

தி.நகர் ராஜாபாதர் தெருவில் இருந்த அவருடைய அலுவலகத்தைப் பற்றிச் சினிமாவில் வாய்ப்புத் தேடி வந்தவர்களைக் கேளுங்கள். ஊரை விட்டு வந்து கையில் காசில்லாமல் அலைந்த எத்தனையோ பேர் அங்கே மதியம் சாப்பிட்டிருக்கிறார்கள். யார், எந்த ஊர், என்ன சாதி என்று கேட்கிற வழக்கமே அங்கு கிடையாது. அவரும் நண்பர் இப்ராகிம் ராவுத்தரும் மதுரையிலிருந்து அதே மாதிரி வந்தவர்கள் என்பதால் அந்தப் பசி தெரிந்திருந்தது.

1986இல் திரைப்படக் கல்லூரி மாணவர்களை நம்பி "ஊமை விழிகள்" செய்தார். நரைத்த தலையோடு வயதான போலீஸ் அதிகாரி வேடம். பெரிய ஹீரோக்கள் மாணவர்களுக்குத் தேதி கொடுக்காத காலம். அந்த ஒரு படம் எத்தனை பேருக்குக் கதவு திறந்தது!

கிள்ளான்_மணியம்

மலேசியாவில் இருந்து எழுதுறேன். 2002ல நடிகர் சங்கக் கடனை அடைக்கக் கலைவிழா நடத்த ரஜினி, கமல் உட்பட அத்தனை பேரையும் கூட்டிக்கிட்டு வந்தாரே, கோலாலம்பூரே அன்னைக்குத் திருவிழா. மேடையில ஆடினவங்களைவிட, அங்கயும் இங்கயும் ஓடி எல்லாரும் சாப்பிட்டாங்களா, பஸ் வந்துச்சான்னு பார்த்துக்கிட்டு இருந்த சங்கத் தலைவரைத்தான் எங்களுக்கு ஞாபகம். சங்கத்துக் கடனை அடைச்ச தலைவர்னு அவர் பேரு இன்னைக்கும் இருக்கு.

மோசடி விஷயம் இங்கயும் அதேதான். நாங்க "மக்காவ் ஸ்கேம்"னு சொல்லுவோம். போலீஸ், கோர்ட், எங்க மத்திய வங்கியான பேங்க் நெகாரான்னு சொல்லிப் பயமுறுத்துவானுங்க. இங்க இருக்கிறவங்க 997க்கு அடிங்க, அதுதான் தேசிய மோசடி எதிர்ப்பு மையம். பணம் அனுப்புறதுக்கு முன்னாடி அந்தக் கணக்கு எண்ணைப் போலீஸோட "செமாக் மியூல்" தளத்துல போட்டுப் பாருங்க, முன்னாடி புகார் வந்த கணக்கா இருந்தா காட்டும். தமிழ்நாட்டு நோட்டீஸ் எல்லாம் எங்க குரூப்புக்கும் வருது. கோயில் கும்பாபிஷேகம், அன்னதானம், பிள்ளைக்கு ஆபரேஷன்னு. ஊர்ப்பாசத்துல நம்மாளுங்க யோசிக்காம அனுப்பிடுறாங்க.

மட்டுறுத்துநர்

இந்த இடத்தில் இருந்த பதிவு நீக்கப்பட்டது. "இழந்த பணத்தை 48 மணி நேரத்தில் மீட்டுத் தருகிறோம்" என்று ஒரு புதிய உறுப்பினர் வாட்ஸ்அப் எண் கொடுத்திருந்தார். அவருடைய கணக்கும் முடக்கப்பட்டுள்ளது. தனிமடலில் அதே செய்தி யாருக்காவது வந்திருந்தால் பதில் எழுதாமல் எனக்குத் தெரிவியுங்கள்.

ஓய்வு_கிளைமேலாளர்

நல்லது செய்தீர்கள். இது இரண்டாம் சுற்று. பணம் இழந்தவர் எங்கே புலம்புகிறார் என்று தேடி வருவார்கள். சைபர் செல் அதிகாரி, வக்கீல், "எத்திக்கல் ஹேக்கர்" என்று ஏதாவது ஒரு பெயர். பதிவுக் கட்டணம், கோர்ட் கட்டணம், வரி என்று மறுபடி கறப்பார்கள். முதல் சுற்றில் போனதைவிட இதில் அதிகம் இழந்தவர்களைப் பணியில் இருந்தபோது பார்த்திருக்கிறேன். முடக்கிய பணம் திரும்ப வருவதற்கு வழி காவல்துறையும் நீதிமன்றமும் வங்கியும்தான். நடுவில் யாருக்கும் கட்டணம் கிடையாது.

தேனி_செல்வி

கேப்டனையும் இதையும் சேர்த்து நான் இன்னொன்று சொல்ல வேண்டும். என் பக்கத்து வீட்டு டீச்சர், ஓய்வு பெற்றவர். அவரை வீடியோ கால் முன்னால் விடிய விடிய உட்கார வைத்திருந்தார்கள். காக்கிச் சட்டை, பின்னால் அசோகச் சின்னம், மேஜையில் தேசியக் கொடி. "உங்கள் ஆதாரில் வாங்கிய சிம் கடத்தலில் சிக்கியிருக்கிறது, டிஜிட்டல் அரெஸ்டில் இருக்கிறீர்கள், கதவைத் திறக்காதீர்கள், யாரிடமும் பேசாதீர்கள்." பால்காரர் கூப்பிட்டும் கதவு திறக்காததால்தான் நாங்கள் போய்த் தட்டினோம். நல்லவேளை, காலையில் வங்கி திறந்த பிறகுதான் பணம் கட்டச் சொல்லியிருந்தார்கள்.

டீச்சர் பிறகு சொன்னார்: "செல்வி, காக்கியைப் பார்த்ததும் எனக்கு எதிர்த்துப் பேசத் தோன்றவில்லை." நம் தலைமுறை காக்கி மேல் வைத்த மரியாதையில் கேப்டனுக்குப் பெரிய பங்கு உண்டு. "புலன் விசாரணை", "சத்ரியன்", "ஹானஸ்ட் ராஜ்" என்று அவர் போட்ட போலீஸ் வேடங்களைப் பார்த்து வளர்ந்தோம். அந்தப் படங்களை நன்றாக நினைத்துப் பாருங்கள். அந்தப் போலீஸ் அதிகாரி யாரிடமாவது காசு கேட்டிருக்கிறாரா? வயதான அம்மாவை மிரட்டியிருக்கிறாரா? டீச்சரிடம் இதைத்தான் சொன்னேன். அவர் முகம் அப்போதுதான் தெளிந்தது.

டிஜிட்டல் அரெஸ்ட் என்று இந்தியச் சட்டத்தில் ஒன்றுமே கிடையாது. பிரதமரே 2024 அக்டோபரில் வானொலியில் இதைச் சொன்னார். சிபிஐயோ, சுங்கத்துறையோ, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயோ வீடியோ காலில் கைது செய்வதில்லை, பணத்தைச் "சரிபார்ப்புக்கு" அனுப்பச் சொல்வதில்லை. அழைப்பைத் துண்டித்தால் குற்றம் ஆகாது. பணம் போகாமல் தப்பியவர்கள் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் "சக்ஷு" பகுதியில் அந்த எண்ணைப் புகார் செய்யலாம். நாங்கள் டீச்சருக்காகச் செய்தோம்.

விழுப்புரம்_கார்த்தி

அந்த வீடியோவைப் பற்றி. குரல் அசலாக இருந்தது என்று முத்து சொல்கிறார். இருக்கும். 2024 செப்டம்பரில் வந்த விஜய் படத்தில் ("தி கிரேட்டஸ்ட் ஆஃப் ஆல் டைம்") ஏஐ வைத்துக் கேப்டனைத் திரையில் கொண்டுவந்தார்களே, தியேட்டரில் எழுந்த விசில் இன்னும் காதில் இருக்கிறது. அது குடும்பத்திடம் அனுமதி வாங்கிச் செய்தது. விஜய் வளரும் காலத்தில் "செந்தூரப்பாண்டி"யில் கூட நின்று தூக்கிவிட்டவர் என்பதால் அதற்கு ஒரு பொருளும் இருந்தது. அதே தொழில்நுட்பம் இன்று எவன் கையிலும் இருக்கிறது. மேடைப் பேச்சு, பேட்டி, பட வசனம் என்று கேப்டன் குரல் இணையம் முழுக்கக் கிடக்கிறது. ஒரு சில நிமிடக் குரலை வைத்து என்ன வேண்டுமானாலும் பேச வைத்துவிடுவார்கள்.

அதனால் உதடு ஒட்டுகிறதா, கண் இமைக்கிறதா என்று பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று நம்பாதீர்கள். அந்தக் குறைகள் மாதத்துக்கு மாதம் மறைந்து வருகின்றன. 2023 டிசம்பர் 28 அன்று நம்மை விட்டுப் போனவர் இன்றைக்குப் பேசி நிதி கேட்க முடியாது. அது ஒன்று போதும்.

க்யூஆர் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஸ்கேன் செய்ததும் யார் கணக்குக்குப் போகிறது என்று திரையில் பெயர் வரும். அறக்கட்டளை என்று நோட்டீஸில் போட்டுவிட்டு, திரையில் தனிமனிதர் பெயரோ ஏதோ ஒரு "டிரேடர்ஸ்" பெயரோ வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் நம்பர் போடத் தேவையே இல்லை. அந்த நம்பரைப் போட்டால் நம் பணம் வெளியே போகிறது.

ஆவடி_ராஜி

கார்த்தி, இதெல்லாம் நமக்குப் புரியும். எங்கம்மாவுக்கு எழுதப் படிக்க வராது, வாட்ஸ்அப் வாய்ஸ் மட்டும்தான் கேப்பாங்க. அவங்களுக்கு மனசுல நிக்கிற மாதிரி எப்படிச் சொல்றது?

செல்லூர்_முத்து

ராஜி அக்கா, எங்க தெருவுல இருக்கிற பெரியவங்களுக்கு நான் அனுப்பின வாய்ஸ் இதுதான். அப்படியே உங்க குரல்ல பேசி அனுப்புங்க:

"அம்மா, கேப்டன் பேருல, சாமி பேருல காசு கேட்டு போன்ல எது வந்தாலும் அனுப்பாத. சொந்தக்காரன் நம்பர்ல இருந்து வந்தாலும் அவனுக்கு நேரா போன் பண்ணிக் கேளு. எந்த ஆப்பும் இறக்காத. போலீசுன்னு எவனாவது மிரட்டுனா போனை வச்சுட்டு என்னைக் கூப்பிடு, ராத்திரி ரெண்டு மணின்னாலும் கூப்பிடு. காசு போயிருச்சுன்னா மறைக்காத. நான் திட்ட மாட்டேன். உடனே சொன்னாத்தான் திரும்ப வாங்க முடியும்."

திட்ட மாட்டேன்னு சொல்றதைக் கண்டிப்பா வைங்க. அத்தை இருபது நிமிஷம் யார்கிட்டயும் சொல்லாம உக்காந்திருந்தாங்க, மாமா என்ன சொல்வாரோன்னு பயந்து.

லைட்மேன்_மகன்

அவர் பெயரில் சோறு போட ஆசைப்படுகிறவர்களுக்கு வழி இருக்கிறது. சென்னையில் இருப்பவர்கள் கோயம்பேட்டுக்கு நேராகப் போகலாம், அவர் நினைவிடத்தில் அன்னதானம் நடக்கிறது, கண்ணால் பார்க்கலாம், கையால் பரிமாறலாம். மற்ற ஊர்க்காரர்கள் பக்கத்தில் இருக்கும் முதியோர் இல்லத்துக்கு அரிசி மூட்டை வாங்கிப் போய் இறக்குங்கள். அப்பா ஒவ்வொரு வருடமும் எங்கள் தெருவில் குப்பை அள்ளுகிறவர்களை வீட்டுக்குக் கூப்பிட்டு இலை போட்டுக் கறிச்சோறு போடுகிறார். இதற்கெல்லாம் க்யூஆர் கோடு எதற்கு?

திருமங்கலம்_மன்றம்

எல்லாத்தையும் படிச்சேன். அதே நோட்டீஸ் எங்க மன்றத்து பழைய குரூப்புலயும் நேத்து வந்திருக்கு. மூணு பேரு 51 போட்டிருக்காங்க, நல்லவேளை ஆப் யாரும் இறக்கல. அவங்க கார்டையெல்லாம் நிறுத்தச் சொல்லிட்டேன். குரூப்புல இனி அட்மின் மட்டும் போடுற மாதிரி மாத்திட்டோம். 28ஆம் தேதி மார்க்கெட் பக்கம் நாங்க சோறு போடுறோம். வசூல் கிடையாது, மன்றத்துப் பசங்க கைக்காசு. வர்றவங்க வந்து சாப்பிடலாம்.

2001ல சிவாஜி ஐயா இறுதி ஊர்வலத்துல கூட்டத்துக்குள்ள இறங்கி நின்னு வழி ஏற்படுத்திக் குடுத்தாரே, அன்னைக்கு டிவில பாத்ததுல இருந்து நான் அவரு ரசிகன். கூட்டத்துல யாரும் மிதிபடக் கூடாதுன்னு நின்ன மனுஷன். அவரு பேருல ஒரு அம்மா ஏமாந்தாங்கன்னா அதுவும் எங்க மன்றத்து வேலைதான். முத்து, அத்தைகிட்ட நான் பேசுறேன்னு சொல்லுங்க.

செல்லூர்_முத்து

சொல்லிட்டேன் அண்ணே. பேசுங்க, அவங்களுக்கு ஆறுதலா இருக்கும்.

இப்ப வந்த தகவல்: 38,000ல 21,500 ரெண்டாவது கணக்குல முடக்கப்பட்டிருக்குன்னு சொல்லிருக்காங்க. மிச்சம் எடுத்துட்டாய்ங்க. திங்கக்கிழமை சைபர் கிரைம் ஸ்டேஷனுக்கு அத்தையைக் கூட்டிட்டுப் போறேன். பாஸ்புக் பிரிண்ட், புகார் எண், அந்த நோட்டீஸோட ஸ்கிரீன்ஷாட், போன் வந்த நம்பர் எல்லாம் எடுத்து வச்சாச்சு. வேற எதுவும் கொண்டு போகணுமா சார்?

ஓய்வு_கிளைமேலாளர்

அத்தையின் ஆதார் நகலும், வங்கி கொடுத்த தடைக் குறிப்பு எண்ணும். அந்த ஏபிகே ஃபைல் வாட்ஸ்அப்பில் வந்த செய்தியை அழிக்காமல் வைத்திருங்கள், கேட்பார்கள். போனை ஸ்டேஷனில் காட்டிய பிறகே ரீசெட் செய்யுங்கள், அதுவரை ஃபிளைட் மோடிலேயே இருக்கட்டும். நான் முன்பு ரீசெட் பற்றிச் சொன்னதை இந்த வரிசையில் எடுத்துக்கொள்ளுங்கள். முடக்கிய தொகையை விடுவிக்க நீதிமன்றத்தில் மனு போட வேண்டுமா, எப்படி என்று புலனாய்வு அதிகாரியிடமே கேளுங்கள். எழுத உதவி வேண்டுமென்றால் இங்கேயே கேளுங்கள், நான் எழுதித் தருகிறேன்.